கரண்டி பட்டா கரையணும்!

‘சிக்கன்’னு சொன்னா ‘லெக் பீஸ் எனக்கு’ங்கிறோம். ‘மட்டன்’னு சொன்னா ‘யாரு மச்சான் ட்ரீட்டு?’னு கேட்கிறோம். ஆனா, கேன்டீன் டேபிள்ல ஒருத்தன் ‘போர்க்’னு வாயைத் திறந்து பார்க்கட்டும்... ரெண்டு செகண்ட் பின் டிராப் சைலன்ஸ்! அப்புறம் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: “ஐயே, அதெல்லாமா சாப்பிடுவ?”

மதத்தாலயோ மனசாலயோ வேண்டாம்னு ஒதுங்குறவங்களுக்கு நம்ம ஃபுல் ரெஸ்பெக்ட். அது அவங்க தட்டு, அவங்க முடிவு. இந்தக் கட்டுரை அந்த ‘ஐயே’ பார்ட்டிங்களுக்கு. ஒரு குடும்பமே ராத்திரி சுத்தி உட்கார்ந்து ரசிச்சுச் சாப்பிடுற, ரெண்டு மணி நேரம் சிம்ல வெந்து பஞ்சாகிற பன்றிக்கறி மேட்டரைக் கொஞ்சம் பக்கத்துல போய்ப் பார்த்துட்டு, அப்புறம் முகத்தைச் சுளிக்கலாமே பாஸ்!

சங்க காலத்து ஸ்பெஷல்!

‘இதெல்லாம் நம்ம சாப்பாடே இல்ல’னு சொல்ற தமிழார்வலர்களே, ப்ளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தைக் கொஞ்சம் ரீவைண்ட் பண்ணுங்க. பத்துப்பாட்டுல ஒண்ணு பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினது. பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். பரிசு வாங்கின ஒரு பாணன், இன்னொரு பாணனுக்கு, ‘இந்த வழியா போ, இன்ன ஊர்ல இன்ன சாப்பாடு கிடைக்கும்’னு ரூட் மேப் போட்டுக் கொடுக்கிற பாட்டு அது. ஃபுட் கைடுனே வெச்சுக்கலாம்!

அதுல கடற்கரைப் பட்டினத்துக்குப் போனா என்ன கிடைக்கும் தெரியுமா? ஆண் பன்றியைப் பெண் பன்றிகள் பக்கமே விடாம, குழியில தனியா நிறுத்தி, பல நாள் நெல் மாவு ஊட்டிக் கொழுக்க வெச்ச கறி! கூடவே கள்ளும் உண்டு. வர்ற விருந்தாளிக்கு அந்த வீட்டுக்காரங்க கொடுக்கிற ஸ்பெஷல் அயிட்டம் அதுதான். என்ன தீனி போட்டா கறி எப்படி இருக்கும்னு தெரிஞ்சு வளர்த்திருக்காங்க. இன்னிக்கு வெட்னரி காலேஜ்ல பாடமா நடத்துற சமாச்சாரம் சார் இது.

இவ்வளவு ஏன், பெரிய புராணத்துல கண்ணப்ப நாயனார் காளத்தி நாதருக்குப் படைச்சதும் பன்றி இறைச்சிதான். நல்லா வெந்திருக்கான்னு தானே கடிச்சுப் பார்த்துட்டுப் படைச்சார். முதல் ‘டேஸ்ட் டெஸ்ட்’!

உலகம் பூரா ஒரே ஃபார்முலா

சீனாவுல சூ தொங்போனு ஒரு கவிஞர். 1037-ல பொறந்து 1101-ல காலமானவர். அரசியல்ல சிக்கி ஹுவாங்சோங்கிற ஊருக்குத் துரத்தப்பட்டப்போ, அங்கே பன்றிக்கறி மலிவா கிடைச்சிருக்கு. பணக்காரங்க சீண்ட மாட்டாங்க, ஏழைங்களுக்குச் சமைக்கத் தெரியலைனு வருத்தப்பட்டு, எப்படிச் சமைக்கணும்னு ஒரு குட்டிப் பாட்டே எழுதிட்டார். விஷயம் ரொம்ப சிம்பிள். தண்ணி கம்மியா, தீ கம்மியா வெச்சுட்டு அவசரப்படாம இருக்கணும். அவர் பேர்ல ‘தொங்போ போர்க்’ இன்னிக்கும் சீனாவுல, குறிப்பா ஹாங்சோ நகரத்துல, ஃபேமஸ்.

நம்ம நாட்டுக்குள்ளயே பாருங்க. குடகுல கச்சம்புளி ஊத்தி ‘பந்தி கறி’. கோவாவுல வினிகரும் பூண்டும் போட்டு விந்தாலு. நாகாலாந்துல மூங்கில் குருத்தோட. மசாலா மாறுது, புளிப்பு மாறுது, கூடப் போடுற காய் மாறுது. ஆனா ‘மூடி வை, சிம்ல வை, பொறுமையா இரு’ங்கிறது மட்டும் எங்கேயும் மாறலை.

இந்த வரிசையில நம்ம எல்லைக்குப் பக்கத்துலயே ஒரு சூப்பர் ஸ்டார் இருக்கு. திருச்சூர் சிரியன் கிறிஸ்தவ வீடுகள்ல செய்ற போர்க் - கூர்க்கா!

கூர்க்கான்னா வாட்ச்மேன் இல்லீங்கண்ணா!

கூர்க்காங்கிறது ஒரு கிழங்கு. நெல்லை, குமரி மக்களே... உங்க வீட்டுப் பொங்கல் படியில உட்கார்ந்திருக்குமே, மண்ணு ஒட்டிக்கிட்டு, கறுப்பா, குட்டிக் குட்டியா, அதே சிறுகிழங்குதான்! பார்க்கத்தான் உருளைக்கிழங்கோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். ஆனா, துளசி, புதினா எல்லாம் இருக்கிற குடும்பத்துல பொறந்த அயிட்டம். அதான் அந்தத் தனி வாசனை. நம்ம ஊர்ல இது பொரியலாவும் சாம்பாராவும் போகுது. திருச்சூர்ல பன்றிக்கறியோட ஜோடி சேருது. கல்யாணம் சக்சஸ்!

என் ரூம்மேட் திருச்சூர் பக்கம். போன டிசம்பர் லீவுல அவன் வீட்டுல ரெண்டு நாள் டேரா. ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுல ஒம்பது பேர். அவன் அண்ணன் மறுநாள் துபாய் ஃப்ளைட் ஏறணும், அதனால அத்தை, மாமா குடும்பமும் ஆஜர். சாயங்காலம் நாலு மணிக்கே சமையல் ஸ்டார்ட்.

முதல் டியூட்டி கிழங்கு க்ளீனிங். ஒவ்வொண்ணா தோல் சீவினா விடிஞ்சிடும். அதுக்கு ஒரு டெக்னிக் வெச்சிருக்காங்க. தண்ணியில ஊற வெச்ச கிழங்கைச் சாக்குப் பையில போட்டுக் கட்டி, துவைக்கிற கல்லுல தட்டித் தட்டித் தேய்க்கணும். பாதித் தோல் தானா கழண்டுடும். மிச்சத்தைக் கத்தியில சுரண்டினா போதும். கையில கறை ஏறாம இருக்கத் தேங்காயெண்ணெய். அண்ணனும் தம்பியும் மாறி மாறி அடிச்ச அடியில, எங்க எச்.ஓ.டி. மேல இருந்த கோபமும் சேர்ந்தே இறங்கிடுச்சு!

அடுப்புல மண்சட்டி. அம்மச்சி (அவன் அம்மாவை வீட்டுல அப்படித்தான் கூப்பிடுறாங்க) மூடி மேல கொஞ்சம் தண்ணி ஊத்தி வெச்சிருந்தாங்க. “எதுக்கு ஆன்ட்டி?”னு கேட்டேன். “ஆவி வெளிய போகாண்டாம் மோனே. கறியோட தண்ணியிலயே கறி வேகணும்”னாங்க. அட, இது கண்டென்சர்! மேல குளிர்ந்த பரப்பு இருந்தா, ஆவி திரும்பத் தண்ணியா மாறிச் சட்டிக்குள்ளேயே சொட்டும். நாலாவது செமஸ்டர் ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் சட்டி மேல உட்கார்ந்திருந்தது!

அந்த வீட்டுல ஃபைனல் எக்ஸாமினர் யார் தெரியுமா? எண்பது தாண்டின அப்பாப்பன், அதாவது தாத்தா. பல் செட்டைக் கழட்டி வெச்சுட்டுத்தான் ராத்திரி சாப்பாட்டுக்கு வருவார். “அவருக்கு ஸ்பூன்ல முறியணும். இல்லேன்னா அந்த சட்டி ஃபெயில்!” - அம்மச்சி சொன்ன பாஸ் மார்க் இதுதான். எட்டரை மணிக்குத் தாத்தா ஒரு துண்டைக் கரண்டியால அழுத்தினார். ரெண்டா பிரிஞ்சுது. ஒண்ணும் சொல்லலை. சோத்தை இன்னொரு கரண்டி கேட்டார், அவ்வளவுதான். துபாய் அண்ணன் மட்டும், “அங்க கிடைக்காதது இந்தக் கிழங்குதான்டா”ன்னு சொல்லிட்டு, கறியை விட்டுட்டுக் கிழங்கா பொறுக்கிச் சாப்பிட்டார்.

பஞ்சாகிற ரகசியம்

சரி, ரப்பர் மாதிரி இருக்கிற கறி எப்படி பஞ்சாகுது? இங்கேதான் இன்ஜினீயரிங் என்ட்ரி!

நிறைய வேலை செய்ற தசையில கொலாஜன்கிற புரதம் அதிகம். மூணு இழையை முறுக்கிப் பின்னின கயிறு மாதிரி இருக்கும். முன்னங்கால் சப்பையில இது எக்கச்சக்கம், ஏன்னா பன்றி நாள் பூரா நடக்குறதே அதை ஊனித்தான். முதுகுப் பக்கத்துக் கறியில கம்மி.

கறி சூடாகி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினா, தசை நார் சுருங்கித் தண்ணியைப் பிழிஞ்சு வெளியே தள்ளும். அந்த ஸ்டேஜ்ல எடுத்துக் கடிச்சா, செருப்பு! ‘வேகலை’னு அடுப்பை ஃபுல்லா வெச்சாலும் தளதளனு கொதிச்சு, வெளிப்பக்கம் நார் நாராப் போறதுதான் மிச்சம். அதுக்குப் பதிலா, லேசா குமிழ் விடுற சூட்டுல ஒன்றரை மணி நேரம் விட்டா, அந்த முறுக்குக் கயிறு பிரிஞ்சு ஜெலட்டினா மாறிடும். அந்த ஜெலட்டின் குழம்புத் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, நாருக்கு நடுவுல வழவழப்பா உட்கார்ந்துக்கும். அதைத்தான் நாக்கு ‘பஞ்சு’னு சொல்லுது.

அதனால கடையில போய் ‘கொழுப்பே இல்லாம வெறும் கறி கொடுங்கண்ணே’னு கேட்கிறவங்களுக்கு வறட்டுக்கறிதான் கிடைக்கும். சப்பைக்கறி, கொஞ்சம் கொழுப்போட, அதுதான் கரெக்ட் ஆர்டர்.

நேரம் இல்லையா? குக்கர் இருக்கே! தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். குக்கருக்குள்ளே பிரஷர் ஏறுறதால அது 120 டிகிரி பக்கம் போகும். ஒன்றரை மணி நேர வேலை இருபது நிமிஷத்துல முடியும். இதைக் கண்டுபிடிச்சவர் டெனிஸ் பாப்பின், பிரெஞ்சுக்காரர். 1679-ல எலும்பை மெதுவாக்குறதுக்குன்னே மூடின பாத்திரம் செஞ்சு, வெடிக்காம இருக்க ஒரு சேஃப்டி வால்வும் வெச்சார். 1682-ல லண்டன் ராயல் சொசைட்டி மெம்பர்களுக்கு அதுல சமைச்சு டின்னரே போட்டிருக்கார். நீராவி இன்ஜின் வரலாறு ஆரம்பிக்கிற இடங்கள்ல இந்தப் பாத்திரமும் ஒண்ணு. மெக்கானிக்கல் பசங்களா, உங்க குலதெய்வம் குக்கர்தான்!

களத்துல இறங்குவோமா?

ஆறு பேருக்கு:

பன்றிக்கறி (முன்னங்கால் சப்பை, பெரிய நெல்லிக்காய் சைஸ் துண்டுகள்) - 1 கிலோ
சிறுகிழங்கு - அரை கிலோ
சின்ன வெங்காயம் - 200 கிராம்
பூண்டு - 15 பல்
இஞ்சி - ரெண்டு விரல் நீளம்
பச்சை மிளகாய் - 4
மல்லித்தூள் - 2 டேபிள்ஸ்பூன்
மிளகாய்த்தூள் - ஒன்றரை டீஸ்பூன்
மஞ்சள்தூள் - அரை டீஸ்பூன்
இடிச்ச மிளகு - 1 டேபிள்ஸ்பூன்
பட்டை, கிராம்பு, ஏலக்காய், சோம்பு வறுத்துப் பொடிச்சது - 2 டீஸ்பூன்
வினிகர் - 1 டேபிள்ஸ்பூன்
தேங்காய்ப் பல் - ஒரு கைப்பிடி
தேங்காயெண்ணெய், கறிவேப்பிலை, உப்பு - தேவைக்கு

1. கறியைக் கழுவித் தண்ணி வடிய விடுங்க. இஞ்சி, பூண்டைத் தட்டி, பாதி மிளகு, பொடிகள், உப்பு, வினிகர் எல்லாம் சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் ஓரமா வைங்க.

2. கனமான சட்டியில கறியைப் போட்டு, அரை டம்ளர் தண்ணி மட்டும் விட்டு மூடுங்க. மீதித் தண்ணியைக் கறியே விடும். கொதி வந்ததும் சிம். ஒண்ணேகால்ல இருந்து ஒன்றரை மணி நேரம். நடுநடுவுல கிளறி, தண்ணி சுண்டுற மாதிரி இருந்தா சுடுதண்ணி கொஞ்சம். குக்கர்ல வைக்கிறவங்க ஒரு விசில் வந்ததும் சிம்ல இருபது நிமிஷம். பிரஷர் தானா இறங்கட்டும், அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்காதீங்க.

3. கரண்டி நுனியால ஒரு துண்டை அழுத்துங்க. பிரிய ஆரம்பிச்சா, இப்போதான் கிழங்கு என்ட்ரி. ரெண்டா வெட்டிப் போட்டு மூடி, இருபது இருபத்தஞ்சு நிமிஷம்.

முதல்லயே ஏன் போடக் கூடாது? ஒன்றரை மணி நேரம் வெந்தா கிழங்கு இருந்த இடம் தெரியாது. அதே நேரம், குழம்புல புளிப்பு இருக்கிறதால கிழங்கு சட்டுனு குழையாது. காயோட செல் சுவரை ஒட்டி வெச்சிருக்கிற பெக்டின், புளிப்புல லேசுல கரையாது. ‘புளி ஊத்துறதுக்கு முந்தி காய் வெந்திருக்கணும்’னு நம்ம பாட்டிங்க சொல்றதும் இதே கெமிஸ்ட்ரிதான். அதனால வினிகரை அள்ளி ஊத்தாதீங்க.

4. இன்னொரு வாணலியில தேங்காயெண்ணெய் ரெண்டு ஸ்பூன். தேங்காய்ப் பல்லைச் சிவக்க விட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்குங்க. வெந்த கறி, கிழங்கை ஜூஸோட இதுல கொட்டி, மூடாம, தண்ணி சுண்டுற வரைக்கும் பிரட்டுங்க. தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணி போய், கொழுப்புப் பிரிஞ்சு சலசலக்கும்போதுதான் சூடு ஏறிக் கறி பழுப்பாகும். வறுவல் வாசனை வர்ற இந்த மாற்றத்தை 1912-ல ஆராய்ஞ்சு எழுதினவர் மெயார்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி. அவர் பேரே அதுக்கு வெச்சாச்சு.

5. மீதி மிளகைத் தூவி, அடுப்பை அணைச்சு, பத்து நிமிஷம் மூடி வைங்க. மேல மிதக்கிற கொழுப்பை ஸ்பூன்ல வழிச்சு எடுத்துடலாம்.

சோறு, மோர், அப்பளம். மேட்டர் ஓவர்!

சிறுகிழங்கு கிடைக்கலையா? வருஷம் பூரா கிடைக்காது, மார்கழி தையிலதான் மார்க்கெட்ல குவியும். மத்த மாசங்கள்ல வாழைக்காய், சேனை, இல்ல குட்டி உருளை. என்ன போட்டாலும் கடைசி இருபது நிமிஷம்தான்.

‘புழு வரும்’னு சொல்றாங்களே?

நியாயமான கேள்வி. நாடாப்புழு இருக்கிற கறியைச் சரியா வேக வைக்காம தின்னா, புழு வயித்துக்குள்ளே வளரலாம். அமெரிக்க விவசாயத் துறை முழுத்துண்டு பன்றிக்கறிக்குச் சொல்ற பாதுகாப்பான சூடு 63 டிகிரி, அப்புறம் மூணு நிமிஷம் ஆற வைக்கணும். நம்ம சட்டி அதைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் ஓடுது. சோ, நோ டென்ஷன்.

ஆனா, மூளையில கட்டி உண்டாக்கி வலிப்பு வரவைக்கிற பிரச்னை இருக்கு பாருங்க, அது வர்ற வழி வேற. புழு இருக்கிற மனுஷனோட மலத்துல வெளியேறுற முட்டைகள், கழுவாத கை, அசுத்தமான தண்ணி, சரியா அலசாத பச்சைக் காய்கறி வழியா வயித்துக்குள்ளே போறதுதான் காரணம். அதனால சுத்த சைவக்காரங்களுக்கும் வரலாம். பழி மொத்தமும் பன்றி மேல. நிஜமான வில்லன், கழிப்பறை இல்லாத ஊரும் கை கழுவாத நாமளும்!

வாங்குற இடமும் முக்கியம். பண்ணையில அடைச்சு, தீனி போட்டு வளர்த்த பன்றியா, கடை சுத்தமா இருக்கான்னு பார்த்து வாங்குங்க. செங்கல்பட்டு பக்கம் காட்டுப்பாக்கத்துல நம்ம கால்நடைப் பல்கலைக்கழகமே பன்றி வளர்ப்புல ஆராய்ச்சி பண்ணுது. 2020-ல அசாம்லயும், 2022-ல வயநாட்டுலயும் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனுஷங்களுக்குத் தொத்தாது. ஆனா வளர்க்கிறவங்களோட மொத்த முதலீட்டையும் ஒரே வாரத்துல காலி பண்ணிடும்.

“கோழி அடிக்கவா தம்பி?”

லீவு முடிஞ்சு ரூம்மேட் ஒரு டப்பா கறியோட ஹாஸ்டலுக்கு வந்தான். ரூம்ல ஏழு பேர். மூணு பேர் நைஸா எஸ்கேப். ரெண்டு பேர் ‘ஐயே’. எங்க டிபார்ட்மென்ட் பையன் ஒருத்தன், மூணு வருஷமா அதிகம் பேசாதவன், ஒரு துண்டை எடுத்து வாயில போட்டுட்டுச் சொன்னான்: “எங்கம்மா இதைவிட நல்லா செய்வாங்க.”

அவன் தாத்தா பன்றி வளர்த்தவர். திருச்சி பக்கம் ஒரு கிராமம். மூணு வருஷத்துல அவன் இதை எங்ககிட்ட சொன்னதே இல்லை. “ஆறாவது படிக்கிறப்போ டிபன் பாக்ஸ்ல கொண்டு போனேன்டா. அடுத்த நாள்ல இருந்து பக்கத்துல யாரும் உட்காரலை. என்ன சாப்பிடுறேன்னு கேட்டு, நான் என்ன ஆளுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. அதுல இருந்து எங்கே போனாலும் ‘சிக்கன்தான் பிடிக்கும்’னு சொல்லிடுவேன்.”

அந்த ரூம்ல அப்போ யாரும் காமெடி பண்ணலை.

பொங்கல் லீவுல நாங்க ரெண்டு பேரும் அவன் வீட்டுக்குப் போனோம். அடுப்புல சட்டி ஏறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மிளகு சீரக வாசனை தெருமுனை வரைக்கும். உள்ளே வாழைக்காயை வெட்டிக்கிட்டிருந்த அவன் அம்மா எழுந்து வந்து, கையைத் துடைச்சுக்கிட்டு, ரொம்ப மெதுவா கேட்டாங்க. “தம்பி, நெசமாவே சாப்புடுவீங்களா? கஷ்டமா இருந்தா சொல்லுங்க. கோழி ஒண்ணு பிடிச்சுக் கட்டி வெச்சிருக்கேன், அடிச்சுடுறேன்.”

சங்க காலத்துல விருந்தாளிக்குப் பெருமையா எடுத்து வெச்ச கறி. இன்னிக்கு அதைப் பரிமாற ஒரு அம்மா பெர்மிஷன் கேட்கிறாங்க. நடுவுல என்ன நடந்துச்சுன்னு தனியா சொல்லணுமா? பன்றியைக் கேவலமா பார்க்கிறோம்னு சொல்லிக்கிட்டு, அதை வளர்த்த மனுஷங்களைத்தான் தள்ளி உட்கார வெச்சிருக்கோம். ஒரு ‘ஐயே’வுக்குப் பின்னாடி இவ்வளவு பெரிய சாதி இருக்கு மக்களே.

கோழி பிழைச்சுது. நாங்க மூணு பேரும் சட்டியைக் காலி பண்ணினோம். ரூம்மேட், “வாழைக்காய் ஐடியாவை எங்க அம்மச்சிகிட்ட சொல்றேன் ஆன்ட்டி”ன்னான். அவங்க அதுக்கப்புறம்தான் சிரிச்சாங்க. கிழங்கு எங்கே கிடைக்கும், எப்போ போடணும்னு விசாரிக்கவும் ஆரம்பிச்சாங்க.

உங்க கிளாஸ்லயும் ‘சிக்கன்தான் பிடிக்கும்’னு சொல்ற ஒருத்தர் இருக்கலாம். சாப்பிடணும்னு கட்டாயமே இல்லை. பக்கத்துல உட்கார்ந்து உங்க தயிர் சாதத்தைச் சாப்பிடுங்க, போதும்.

கடைசியா சமைக்கிறவங்களுக்கு ஒரு டிப்ஸ். குழம்பை ஆற வெச்சு ஃப்ரிட்ஜுல மூடி வைங்க. காலையில ஜெலட்டின் உறைஞ்சு அல்வா மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. நல்லா கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணினா, உப்பும் காரமும் உள்ளே இறங்கி முதல் நாளை விட டேஸ்ட் டபுள்! மிச்சம் வைக்கிற அளவுக்கு உங்க குடும்பம் நல்ல குடும்பமா இருந்தா!